வருத்தம் பார்க்க வராதவன்

மகன்,

போன கிழமைத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டு உன் நிபந்தனையைச் சொன்னாள். நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதலில் கருவாட்டைப் பற்றிக் கதைத்தாள், பிறகு பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "தம்பி உங்கட கண் ஒப்பரேசனுக்கு வாறானாம். பத்து நாள் நிப்பானாம். ஆனா புதன்கிழமை அஞ்சு மணிக்கு அவனுக்கு அந்தப் பிள்ளையோட போன்ல கதை இருக்காம். அந்த ஒரு மணித்தியாலமும் அப்பா வீட்டில நிக்கப்படாதாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. "நிக்கப்படாதெண்டா கதிரையில இருக்கலாமோ?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஏலாதெண்டா இப்பவே சொல்லட்டாம். நிலாவெளியில ஒரு ரூம் எடுத்து நிண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களப் பாத்திட்டுப் போறானாம்" என்றாள்.

நான் கட்டின வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொல்கிறாய். முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு பிடித்த கையால், விடுமுறை நாட்களில் ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டின வீடு. அன்றிரவு முழுக்க எனக்கு உன்மேல் கோபம். அடுத்த நாள் காலையில்தான் அது கொஞ்சம் ஆறி என்மேல் திரும்பியது. போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் இரண்டாவது வசனத்தில் பகிடி விட்டுச் சிரிக்கப்பண்ணத் தொடங்குவேன், மூன்றாவது வசனத்தில் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, அதிலும் வலக்கண்ணில் சோற்றுப்பானை ஆவி அடித்த மாதிரிப் புகை. பிழைகளை நீயே திருத்திக்கொள். எழுத்துப்பிழையை மட்டும் சொல்கிறேன். மற்றப் பிழைகளைத் திருத்த ஏலாது.

தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன், நான் எந்த இடத்தில் என்ன செய்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நிலாவெளி ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நீ வேலை செய்த காலம். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் மூச்சு அடைத்து, உப்புவெளியில் இறங்கி, மிச்சத் தூரம் முழுக்க நடந்து வந்தாய். சேட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. வாசலில் இருந்த நான் கேட்டது: "ஏன்டா, பஸ் உன்னத் தள்ளச் சொன்னதோ?" நீ நேரே உள்ளே போனாய். அதற்குப் பிறகு அது கிழமைக்கு இரண்டு தரம் வரத் தொடங்கியது. நெஞ்சு வருத்தம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனாய். நெஞ்சில் ஒன்றுமில்லை, மனநலக் கிளினிக்குக்குப் போ என்று டொக்டர் கடிதம் எழுதித் தந்தார். நீ அதை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தாய், அது அப்படியே துவைபட்டுப் பஞ்சாய்ப் போனது. அந்தக் கிளினிக்குக்கு முன்னால், ஆட்கள் காத்திருக்க ஒரு மர வாங்கு. இரத்தம் கொடுக்க, மருந்தெடுக்க, எக்ஸ்ரே எடுக்க என்று திருகோணமலையே அந்த வாங்கைக் கடந்துதான் போகும். அதில் பத்து நிமிஷம் இருந்தால் மத்தியானத்துக்குள் கதை ஊருக்கு வந்துவிடும் என்று நீ பயந்தாய். ஊருக்குள் கதையைக் கொண்டுவருகிறவன் யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பெரும்பாலும் நான்தான்.

நீயே தேடி போனில் ஒரு ஆளைப் பிடித்தாய். தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு பிள்ளை, இதையே படித்தவளாம், கேட்டு ஆற்றுப்படுத்துகிற வேலையாம். ஒவ்வொரு புதனும் ஐந்திலிருந்து ஆறு வரை. நம் வீட்டில் அறைக்குக் கதவு இல்லை, துணிதான். சிக்னலும் பின்பக்கம் குளிக்கிற இடத்தில்தான் ஒழுங்காக வரும். ஆகவே நீ தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, எங்களுக்குக் கேட்காமலிருக்கக் குழாயையும் திறந்துவிட்டுக் கதைத்தாய். ஒரு மணித்தியாலம் குளித்துவிட்டு நீ காய்ந்த தலையோடு வெளியே வருவாய். "தண்ணி படாமக் குளிக்க எங்கடா படிச்சனி?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டேன். நீ ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பாய். உனக்கு யாரோ பெண் மாட்டிவிட்டாள் என்று நினைத்து நான் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டிருந்தாய். அம்மா அன்று என் முகத்தைப் பார்க்காமல் அரிசி புடைத்தது இப்போது விளங்குகிறது.

பிறகு ஒரு புதன்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. காதில் மாட்டுகிற வயரும் உனக்குப் பழுது போல. நான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு முகம் கழுவ வந்தவன், தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். அவளுடைய குரலும் கேட்டது, உன் குரலும் கேட்டது.

"உங்களுக்கு என்ன வருத்தம்னு முதல்ல சொல்லுங்க."

"அதுதான் எனக்கும் தெரியாது. ஆனா இது ஒரு வருத்தம் எண்டு வீட்டில ஒருத்தருக்கும் விளங்குதில்ல."

"சரி. எதை நெனச்சு வருத்தம்?"

"ஒண்டையும் நினைச்சில்ல. வருத்தம் எண்டா வருத்தம்தான். காய்ச்சல் வாற மாதிரி."

"ஓ... நோயைச் சொல்றீங்களா? எங்க ஊர்ல வருத்தம்னா மனசு கஷ்டப்படுறது."

நீ சிரித்தாய். "எங்கட ஊரில வருத்தம் எண்டா டொக்டரிட்டப் போறது."

அவளும் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்களுக்கு இருக்கறது எது? உங்க ஊர் வருத்தமா, எங்க ஊர் வருத்தமா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு நீ அழத் தொடங்கினாய்.

மகன், அந்தச் சொல் எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் அர்த்தம் கேட்டாள், கேட்டுச் சரியான இடத்தில் கையை வைத்தாள். தெரிந்தவன் துவாயோடு கதவுக்கு வெளியே நின்றேன். அந்த இடத்தில் நான் ஒன்றுமே செய்யாமல் திரும்பிப் போயிருந்தால் போதும். தகப்பனுக்குரிய வேலை எதுவும் அன்று எனக்கு இருக்கவில்லை, போனால் மட்டும் போதும். நானும் போனேன்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே சந்தித் தேத்தண்ணிக்கடைக்குப் போனேன்.

ஹனீபாவை உனக்குத் தெரியும், கிண்ணியாக்காரன், என்னோடு முப்பது வருஷம் கயிறு பிடித்தவன். அவனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். நான் இரண்டு குரலிலும் செய்து காட்டினேன். அவளுடைய இந்தியக் கதையை மூக்கால் இழுத்து, உன்னுடையதைத் தொண்டைக்குள் நடுங்கவைத்து. "உங்க ஊர் வருத்தமா, எங்க ஊர் வருத்தமா?" ஹனீபாவுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. "ஆரு மச்சான் அந்தப் பொடியன்?" என்று கேட்டான். பெயர் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நான் நல்லவன் என்று அன்று நினைத்தேன். ஆனால் நமக்குத் தெரிந்த பொடியன்தான் என்கிற மாதிரிக் கண்ணைச் சிமிட்டினேன். அவர்களுக்கு அது போதும். பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் "அந்த ரெண்டு ஊர் வருத்தத்த ஒருக்கா எடுத்து விடு" என்று கேட்பார்கள். நானும் விட்டேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டிச் சேர்த்தேன். கடைசியில் நீ சொல்லாததெல்லாம் அந்தப் பொடியன் சொன்னான். யாரோ ஒருவன் போனில் பதிந்து அனுப்பிவிட்டான். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுத இந்தக் கண்ணைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

நீ ஹோட்டல் குசினியில் மத்தியானச் சோற்றுத் தட்டோடு நின்றபோது, சமையல்காரன் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறான். அது யாருடைய கதை என்று அவனுக்குத் தெரியாது. என் குரல் என்று உனக்குத் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்களாம். நீ பிறகு அம்மாவிடம் சொன்னது துணிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது: "நானும் சிரிச்சனான் அம்மா. சிரிக்காட்டிக் கண்டுபிடிச்சிடுவாங்கள்." நான் என் வாழ்க்கையில் கேட்ட வசனங்களில் இதைவிடக் கசப்பானது வேறு இல்லை.

அன்று வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தாய். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நீ சத்தம் போடவில்லை. போனை மேசையில் வைத்து, என் குரலை ஓடவிட்டு, அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

"நல்லாயிருக்கப்பா. இன்னொருக்கா செய்து காட்டுங்கோ. அம்மா நேரில பாக்கேல்ல."

"பகிடிக்குச் செய்தது மகன்."

"ஓம், பகிடிக்குத்தான். நான் உங்களுக்கு எப்பவும் பகிடிதானே."

இதில் ஒரு விஷயம் உனக்கு மட்டும் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த இந்திய இழுவை நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன், ஆனாலும் நீ பார்த்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

அதோடு புதன்கிழமைகள் நின்றுபோயின. குழாய் பேசாமல் கிடந்தது. வேலைக்கும் போகவில்லை. அலுமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாய். நம் ஊரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் தெருவே வருத்தம் பார்க்க வரும். பிஸ்கட் பெட்டி, தோடம்பழம், குடிக்கிற மா டின் என்று வாசலில் செருப்பு நிறையும். வந்திருந்து, தங்களுக்கு முன்னொருகாலம் வந்த வருத்தத்தையெல்லாம் சொல்லி, படுத்திருக்கிறவனை இன்னும் களைக்கப்பண்ணிவிட்டுத்தான் போவார்கள். முன்வீட்டு மனிசனுக்குச் சிறுநீரகக் கல் என்று நான் முந்திரிகைப் பழம் வாங்கிக்கொண்டு போய் இரண்டு மணித்தியாலம் இருந்து சிரிப்புக் காட்டினவன். உனக்கு ஒருவரும் வரவில்லை. "தம்பிக்கு வேலை கூட" என்று அம்மா கேற்றடியிலேயே எல்லோரையும் அனுப்பினாள். நானும் வரவில்லை. உன் அறைத் துணிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்து போவேன். வந்து கட்டிலில் இருந்தால் என்ன சொல்வது? பகிடி இல்லாமல் ஒரு வசனம்கூட எனக்கு ஓடவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு வருத்தம் பார்க்க வராதவன் நான்.

பிறகு ஒருநாள் நீ அம்மாவிடம் "எனக்கு இனி ஏலாதம்மா" என்று சொன்னாய். எனக்குக் கேட்டது. கயிறு பிடிக்கிற வேலையில் அந்தச் சொல்லுக்கு ஒரு சட்டம் இருந்தது. கப்பல் இழுக்கும்போது வரிசையில் ஒருவன் "ஏலாது" என்று கத்தினால், ஏன் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டோம், எல்லோரும் ஒரே நேரத்தில் கையை விடுவோம். கேட்டுக்கொண்டு நின்றால் அவன் கை கயிற்றோடு போய்விடும். முப்பது வருஷம் கண்டவன் நின்றவன் சொன்ன ஏலாதுக்கெல்லாம் கைவிட்டவன், என் பிள்ளை சொன்னபோது என்ன செய்வதென்று தெரியாமல் கிணற்றடியில் போய் நின்றேன். அம்மா பாயைக் கொண்டுவந்து உன் வாசலுக்குக் குறுக்கே போட்டு இருந்துகொண்டாள்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாத விஷயம். கோபிக்கிறதென்றால் கோபி. அவசரத்துக்கென்று அந்தப் பிள்ளையின் இலக்கத்தை நீ அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தாய். நான் அதை எடுத்து அவளுக்குக் கதைத்தேன். "பிள்ளை, நான் அவன்ட அப்பா. அவன் உங்களோட கதைக்கிறத விட்டிட்டான். நீங்களாப் பாத்து ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ" என்றேன். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். "அவர் சம்மதம் இல்லாம அவரைப் பத்தி நான் உங்ககிட்ட எதுவும் பேச முடியாதுங்க. ஆனா அவர் உயிருக்கு ஆபத்துன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என் போனுக்காகக் காத்திருக்காதீங்க. தனியா விடாம, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." பிறகு கேட்டாள்: "நீங்க எப்படி இருக்கீங்க? உங்களைப் பத்திப் பேசணும்னா நான் கேக்கறேன்." எனக்கென்ன பிள்ளை, நான் கல்லுப்போல இருக்கிறன், கண்தான் கொஞ்சம் மங்கல், அதால ஊரில எல்லாரும் இப்ப வடிவாத் தெரியினம் என்று ஒரு பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. அந்தப் பக்கத்தில் சும்மா பொறுத்துக்கொண்டிருந்தாள். நான் வேறேதோ சொல்லப்போகிறேன் என்று நம்பினவள் மாதிரி. அந்த அமைதியை என்னால் தாங்க ஏலவில்லை மகன். "லைன் கிளியரில்ல" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். நீ ஒவ்வொரு கிழமையும் அந்த அமைதிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருக்கிறாய் என்பதை நினைத்து, உனக்கு என்னைவிடப் பெரிய நெஞ்சு என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே சீலை மாற்றி, ஓட்டோ பிடித்து, உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அதே வாங்கில் உனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் கேட்டபோதெல்லாம், "ஓம், தம்பிக்கு மனசில வருத்தம். மருந்தெடுக்க வந்தனாங்கள்" என்று சொன்னாளாம். ஹனீபா பிரஷர் குளிசை எடுக்கப் போனவன் கண்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பொடியன் யார் என்று அவனுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் அந்தப் பகிடியை என்னிடம் கேட்டதே இல்லை.

மருந்து தொடங்கினாய். கொஞ்சம் எழும்பினாய். கொழும்பில் வேலை கிடைத்து வெளிக்கிட்டபோது எந்த பஸ் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. அங்கே போய்த்தான் அந்தப் பிள்ளையோடு திரும்பக் கதைக்கத் தொடங்கினாயாம். உன் அறைக்குக் கதவு இருக்காம், பூட்டும் இருக்காம். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், நான் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது நித்திரை வருகிறதாம். பஸ்ஸில் போகிறாயாம். இன்னும் சில நாள் எழும்ப மனம் வராதாம், ஆனால் அது வரும்போதே தெரிகிறதாம், வந்தால் என்ன செய்வதென்றும் தெரிகிறதாம். நல்லது. உண்மையாகவே நல்லது. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் கள்ளக் கடிதம். எனக்கு அந்தப் பிள்ளையில் எரிச்சல். முகம்கூடக் காணாத ஒருத்தி, கடலுக்கு அந்தப் பக்கம், கண்ணாடி உடைந்த உன் போனுக்குள்ளால் என் மகனைத் தூக்கி நிறுத்திவிட்டாள். நான் இரண்டு சுவருக்கு அப்பால் இருந்து தள்ளி விழுத்தினேன்.

போன கிழமை நீ வருகிறாய் என்று படுக்கைத் துணி எடுக்க உன் அலுமாரியைத் திறந்தேன். துணிக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. வாசித்திருக்கக் கூடாது. வாசித்தேன். அந்தப் பிள்ளை சொல்லி நீ எழுதினது போல. நடுவில் கோடு, இடப்பக்கம் எதற்குப் பயந்தாய், வலப்பக்கம் என்ன நடந்தது. "பஸ்ஸில் மூச்சு நின்றுவிடும்." அதற்கு எதிரே, "நடக்கவில்லை." "மனேஜர் எல்லோருக்கும் முன்னால் ஏசுவார்." "நடக்கவில்லை." "கைநடுக்கத்தை விருந்தாளிகள் கண்டு சிரிப்பார்கள்." "நடக்கவில்லை." இரண்டு பக்கம் முழுக்க இப்படியே வருகிறது. நீ பயப்படுவதெல்லாம் நடப்பதில்லை என்று உனக்குக் காட்டத்தானே அந்தப் பிள்ளை இதை எழுத வைத்தாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி: "அப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே பகிடியாக்குவார்." எதிரே வேறு மையில், பிறகு எழுதினது: "நடந்தது." அதற்குக் கீழே கொப்பி வெறுமை. அவள் கிழமை கிழமையாக வென்றுகொண்டு வந்த இடத்தில், நான் ஒரே வரியில் அவளைத் தோற்கடித்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஆனேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் துறைமுக வாசலில் ஒவ்வொரு நாளும் மறித்துச் சோதிப்பார்கள். நான் அரைகுறைச் சிங்களத்தில் ஏதாவது சேட்டை விடுவேன். ஆமிக்காரன் சிரித்துவிட்டால் அன்று உயிரோடு வீட்டுக்கு வரலாம். சிரிக்க வைக்க ஏலாதவர்கள் சிலர் வரவில்லை. அதில் பழகின வாய் பிறகு மூடவில்லை. இது காரணம்தான், மன்னிப்பு இல்லை. ஏனென்றால் உன்னோடு நான் செய்ததற்கு ஆமிக்காரன் பொறுப்பில்லை. சுனாமியில் கடல் வந்து போய் மூன்று மாதமிருக்கும், உனக்குப் பத்து வயது. கடல் இரைச்சல் கேட்டாலே எழும்பி இருப்பாய். நீ முற்றத்தில் சோறு தின்றுகொண்டிருந்தபோது நான் பின்னால் வந்து "கடல் வருது, ஓடு!" என்று கத்தினேன். பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று நினைத்தேன். நீ தட்டை எறிந்துவிட்டு ஓடி, கோயில் மதிலில் ஏறி, காற்சட்டை நனைந்துபோய், இறங்கமாட்டேன் என்று பின்னேரம்வரை அங்கேயே இருந்தாய். அதையும் நான் பல வருஷம் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைத்தேன், உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்தப் பிள்ளையிடம் இதை நீ சொல்லியிருக்கிறாயோ தெரியாது. மறந்திருந்தால் சொல்லு. என்னைக் காப்பாற்ற எதையும் மறைக்காதே. மருந்து எடுக்கப் போகிறவன் பாதி வருத்தத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் தகப்பன் கடிதம் என்றால் ஒன்றிரண்டு இருக்க வேண்டும். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது எதற்காவது பயந்தால், நீ சிரிக்காதே. சிரிப்பு வந்தால் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வா. இரண்டாவது, புதன்கிழமையை விடாதே. யாருக்காகவும் விடாதே. நான் ஒரு புதன்கிழமை செத்துப்போனால், அஞ்சு மணிக்கு எழும்பி உன் கதையைக் கதைக்கப் போ. பிரேதம் எங்கும் ஓடாது.

சரி, உன் நிபந்தனைக்கு வருகிறேன். போன புதன்கிழமையே நான் ஒத்திகை பார்த்துவிட்டேன், கண் தெரிகிற நேரத்திலேயே பழகிக்கொள்வோம் என்று. ஐந்து மணிக்கு வெளிக்கிட்டேன். தேத்தண்ணிக்கடைக்கு மட்டும் போகக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். ஒரு மணித்தியாலம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால், அம்மா மணிக்கூட்டைக் காட்டினாள். "இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு. போங்கோ." வாசலில் இருந்தே திருப்பி அனுப்பினாள். அந்த நாற்பது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உனக்கு எழுதிக் காட்ட என்னிடம் எழுத்து இல்லை. திரும்பிப் போகும்போது கடையிலிருந்து கூப்பிட்டார்கள், புதிதாக வந்த யாருக்கோ காட்ட வேண்டுமாம். "அண்ணே, அந்த ரெண்டு ஊர் வருத்தத்த ஒருக்கா விடுங்கோ!" அது பிழை, செய்திருக்கக் கூடாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் என் பிழையைச் சொன்னால் அது உன் கதை என்பதையும் சொன்னதாகிவிடும். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட உன்னைத்தான் விற்க வேண்டியிருக்கிறது. அம்மா அந்த வாங்கில் சொன்னாள் என்றால் அது உனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னது. நான் சொல்ல உரிமை இல்லை. "எனக்கு மறந்து போச்சு" என்றேன். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை கண் வெட்டுகிறார்கள். புதன்கிழமை உன் நேரம். கட்டுப் போட்ட கண்ணோடு, குனியக் கூடாது, தூசி படக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிற மனிதனை எப்படித் தெருவுக்கு அனுப்புவது என்று அம்மா இன்று முழுக்க யோசிக்கிறாள். வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கட்டோ என்றாள். கேட்க வேண்டாம் என்றேன். ஹனீபாவிடம் கதைத்துவிட்டேன். "ஏன் மச்சான், கண் வெட்டின அடுத்த நாளே எங்க வெளிக்கிடுறாய்?" என்று கேட்டான். "கேக்காத. கையப் பிடிச்சுக் கொண்டுபோய் எங்கயாவது இருத்தி விடு, ஆறு மணிக்குப் பிறகு கொண்டுவந்து விடு" என்றேன். அவன் கேட்கவில்லை.

நிலாவெளியில் ரூம் எடுக்காதே, வீட்டுக்கு வா. அறைக்குக் கதவு போடுகிற தச்சன் நாளைக்கு வருகிறான், கொண்டி உள்பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ கதைத்து முடிந்த பிறகு, என்னைப் பார்க்க மனமிருந்தால் அம்மாவிடம் சொல்லிக் கூப்பிடு. மனமில்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருப்பேன், அதற்கு எனக்கு ஏலும். கண்ணில் கட்டோடு இந்த மனிசன் ஏன் வீட்டில் கிடக்காமல் ரோட்டில் இருக்கிறான் என்று போகிறவர்கள் கேட்பார்கள். சிரிப்பார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அப்பா